காணாததைக் கணித்தவர்

நுழையும்முன்

நேற்று நடந்தவை இன்று நினைவில் இருக்கின்றன. அந்த நினைவுகள் மெய்யானவை என்பதற்குச் சான்று என்ன? மெய்யியலார் நெடுங்காலமாகக் கேட்டுவரும் இக்கேள்வியை இயற்பியலும் ஒருநாள் கேட்க நேர்ந்தது. அதற்கு வழிவகுத்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரியாவில் வாழ்ந்த லுட்விக் போல்ட்ஸ்மேன். கண்ணுக்குப் புலப்படாத அணுக்களுக்காக வாழ்நாள் முழுதும் வாதாடிய அவருடைய வரலாற்றையும், அவர் விட்டுச்சென்ற ஓர் எண்ணம் பின்னாளில் எழுப்பிய புதிரையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

போல்ட்ஸ்மேன் 1844ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் வியன்னா நகரில் பிறந்தார். கிறித்தவர்களின் களியாட்ட விழா முடிந்து நோன்புக்காலம் தொடங்கும் இரவில் பிறந்ததால்தான் தம் மனம் மகிழ்ச்சிக்கும் துயருக்கும் இடையே ஊசலாடுகிறது என்று பிற்காலத்தில் அவரே வேடிக்கையாகக் கூறுவதுண்டு. அந்த வேடிக்கைக்குள் ஓர் உண்மை மறைந்திருந்ததை அவருடைய வாழ்க்கை காட்டியது.

தந்தையார் அரசின் வரித்துறை அலுவலர். லின்ஸ் நகரில் பள்ளிக்கல்வி பயின்ற போல்ட்ஸ்மேன், இசைமேதை ஆன்டன் புரூக்னரிடம் சிலகாலம் பியானோ கற்றார். இசை அவருக்கு இறுதிவரை துணையாயிற்று. பதினைந்தாம் வயதில் தந்தையை இழந்தார். தாயார் தம் செல்வத்தைச் செலவிட்டு மகனைப் படிக்கவைத்தார்.

1863ஆம் ஆண்டு வியன்னா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே பேராசிரியர் யோசப் ஸ்டெஃபான், மின்காந்தவியல் குறித்து மாக்ஸ்வெல் எழுதிய கட்டுரைகளை அவரிடம் கொடுத்தார். போல்ட்ஸ்மேனுக்கு அப்போது ஆங்கிலம் தெரியாது. எனவே அவற்றோடு ஆங்கில இலக்கண நூல் ஒன்றையும் சேர்த்தே கொடுத்தார். மொழியையும் அறிவியலையும் ஒருசேரக் கற்ற அம்மாணவர் 1866இல் முனைவர் பட்டம் பெற்றார். 1869இல், தம் இருபத்தைந்தாம் வயதில், கிராஸ் பல்கலைக்கழகத்தின் பேராசிரியரானார்.

அணுவை நம்பியவர்

வேதியியலாருள் பலர் அணு என்னும் கருத்தை அக்காலத்தில் பயன்படுத்தினர். எனினும் அது மெய்யாகவே இருக்கும் பொருளா, கணக்கிடுவதற்கு ஏற்ற கற்பனையா என்பதில் அறிஞர்களிடையே உடன்பாடு இல்லை. போல்ட்ஸ்மேனுக்கு அதில் ஐயம் இருக்கவில்லை. வாயு என்பது எண்ணற்ற மூலக்கூறுகள் ஓயாமல் ஓடி மோதும் களம் என்றும், வெப்பம் என்பது அவற்றின் இயக்கமே என்றும் கொண்டார். இந்த அடிப்படையிலிருந்து வெப்ப இயக்கவியல் முழுவதையும் வருவித்துக்காட்ட முயன்றார்.

வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி அவரை ஈர்த்தது. சூடான தேநீர் தானே ஆறுகிறது. ஆறிய தேநீர் தானே சூடாவதில்லை. நீரில் விழுந்த மைத்துளி பரவுகிறது; பரவிய மை மீண்டும் துளியாகத் திரள்வதில்லை. புறத்தொடர்பற்ற அமைப்பில் என்ட்ரோபி என்னும் அளவு குறைவதில்லை என்று அவ்விதி கூறும். ஏன் குறைவதில்லை என்பதற்கு அவ்விதியில் விடை இல்லை. மூலக்கூறுகளின் மோதல்களைக் கொண்டு அதனை விளக்கும் புகழ்பெற்ற ஆய்வுரையைப் போல்ட்ஸ்மேன் 1872இல் வெளியிட்டார்.

இல்லறம்

கிராஸ் நகரில் ஹென்ரியட்டே என்னும் இளம்பெண் கணிதமும் இயற்பியலும் கற்க விரும்பினார். பெண்கள் வகுப்பில் அமர்வதைப் பல்கலைக்கழகம் தடுத்தது. மேல்முறையீடு செய்யுமாறு ஊக்கமளித்தவர் போல்ட்ஸ்மேன். 1876இல் இருவரும் மணம்புரிந்தனர். ஐந்து மக்கள் பிறந்தனர். மூத்த மகன் 1889இல், பதினோராம் வயதில், குடல்வால் அழற்சியால் இறந்தான். நோயின் கடுமையை உரிய நேரத்தில் உணரவில்லையே என்று தந்தை தம்மையே நொந்துகொண்டார். அந்தத் துயரம் அவரை விட்டு நீங்கவில்லை.

நண்பரின் கேள்வி

ஸ்டெஃபானின் ஆய்வுக்கூடத்தில் போல்ட்ஸ்மேனுக்கு வாய்த்த நண்பர் யோசப் லோஷ்மிட். 1876இல் அவர் எளிய கேள்வியொன்றை முன்வைத்தார். மூலக்கூறுகள் இயக்க விதிகளுக்கு உட்பட்டவை. அவ்விதிகள் முன்னோக்கியும் பின்னோக்கியும் ஒன்றுபோலவே பொருந்தும். ஒவ்வொரு மூலக்கூற்றின் திசைவேகத்தையும் எதிர்த்திசைக்குத் திருப்பிவிட்டால், பரவிய மை மீண்டும் துளியாகத் திரளவேண்டும் அல்லவா? அவ்வாறாயின் என்ட்ரோபி பெருகியே ஆகவேண்டும் என்பதற்கு என்ன கட்டாயம்?

அக்கேள்வி போல்ட்ஸ்மேனை அவருடைய மிகச்சிறந்த கண்டுபிடிப்புக்கு இட்டுச்சென்றது. அதனை நாணயங்களைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். பத்து நாணயங்களை ஒருசேரச் சுண்டினால் அவை விழக்கூடிய வகைகள் மொத்தம் 1024. பத்தும் தலையாக விழும் வகை ஒன்றே ஒன்று. ஐந்து தலையும் ஐந்து பூவுமாக விழும் வகைகளோ 252. நாணயங்களுக்குத் தலையின்மீது வெறுப்போ, கலப்பின்மீது விருப்போ இல்லை. கலந்து விழும் வகைகள் மிகுதி; ஆதலால் அவையே மிகுதியாக நிகழ்கின்றன. ஒரு குவளை நீரிலுள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கையோ நம் கற்பனைக்கு எட்டாதது. அங்கே மை பரவியிருக்கும் வகைகளோடு ஒப்பிட, அது துளியாகத் திரண்டிருக்கும் வகைகள் இல்லையென்றே சொல்லத்தக்க அளவில் அருகிவிடும்.

எனவே மை திரளுதல் நிகழவே முடியாதது அன்று. நிகழ்தகவு மிக மிகக் குறைந்தது. ஒரு நிலை எத்தனை வகைகளில் அமையக்கூடும் என்று எண்ணி, அவ்வெண்ணின் மடக்கையை ஒரு மாறிலியால் பெருக்கினால் கிடைப்பதே என்ட்ரோபி. 1877இல் போல்ட்ஸ்மேன் கண்ட இவ்வுறவு, மாறாத விதி எனக் கருதப்பட்ட ஒன்றை நிகழ்தகவின் கூற்றாக மாற்றியது.

சொற்போர்க்களம்

போல்ட்ஸ்மேன் வியன்னா, கிராஸ், மியூனிக், மீண்டும் வியன்னா எனப் பல பல்கலைக்கழகங்களில் பணியாற்றினார். சென்ற இடமெல்லாம் புகழும் சென்றது, எதிர்ப்பும் சென்றது. அணுக்களை விடுத்து ஆற்றலை மட்டுமே கொண்டு இயற்கையை விளக்கவேண்டும் என்று வேதியியல் அறிஞர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் கூறிவந்தார். 1895இல் லூபெக் நகரில் கூடிய அறிவியல் மாநாட்டில் ஆஸ்ட்வால்டும் அவர் பக்கம் நின்ற ஹெல்மும் ஒருபுறம், போல்ட்ஸ்மேன் மறுபுறம் என வாதம் நடந்தது. ஆஸ்ட்வால்டு அவருக்குக் கொள்கையில் எதிரி, தனிவாழ்வில் நண்பர்.

எர்ன்ஸ்ட் மாக் எழுப்பிய எதிர்ப்பு இதனினும் ஆழமானது. புலன்களால் அறியப்படுவதையே அறிவியல் பேசவேண்டும் என்பது அவருடைய கொள்கை. அணுவைப் பற்றிப் பேசுவோரிடம், அதனைக் கண்டதுண்டா என்று அவர் கேட்பார். எவரும் கண்டதில்லை. காணாத ஒன்றை மெய்யென்று எவ்வாறு நம்புவது என்னும் அக்கேள்விக்குப் போல்ட்ஸ்மேன் தம் கணக்குகளையே விடையாக வைத்தார்.

பேரண்டம் பற்றிய ஊகம்

1896இல் மற்றொரு மறுப்பு வந்தது. மாக்ஸ் பிளாங்க்கின் உதவியாளராக இருந்த எர்ன்ஸ்ட் செர்மெலோ, பிரெஞ்சுக் கணித அறிஞர் பாயின்கரேயின் தேற்றத்தைச் சுட்டிக்காட்டினார். ஒரு கலத்துள் அடைபட்ட மூலக்கூறுகள், போதிய காலம் கடந்தால், தொடக்க நிலைக்கு மிக அருகில் மீண்டும் வந்தே தீரும் என்பது அத்தேற்றத்தின் விளைவு. போல்ட்ஸ்மேன் அதனை மறுக்கவில்லை. அவ்வாறு மீள்வதற்கு ஆகும் காலத்தைக் கணக்கிட்டார். சிறிதளவு வாயுவுக்கே அக்காலத்தை எண்ணாக எழுதப்புகுந்தால், அவ்வெண்ணின் இலக்கங்கள் கோடிக்கணக்கில் நீளும் என்று காட்டினார்.

ஆயினும் ஒரு வினா எஞ்சியது. என்ட்ரோபி இன்று பெருகிக்கொண்டிருக்கிறது என்றால், நேற்று அது குறைவாக இருந்திருக்கவேண்டும். அதற்குமுன் இன்னும் குறைவாக இருந்திருக்கவேண்டும். தொடக்கத்தில் அத்தனை ஒழுங்கு எங்கிருந்து வந்தது?

1895இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான கடிதத்தில் இதற்குத் துணிவான விடையொன்றைப் போல்ட்ஸ்மேன் முன்வைத்தார். அந்த எண்ணம் தம் உதவியாளர் ஷூட்ஸ் என்பவருடையது என்று அதிலேயே வெளிப்படையாகக் குறிப்பிட்டார். பேரண்டம் முழுவதும் என்றென்றும் வெப்பச் சமநிலையில், மாற்றமின்றிக் கிடப்பதாகக் கொள்வோம். ஓயாமல் நாணயம் சுண்டினால் என்றோ ஒருநாள் தொடர்ந்து பல தலைகள் விழுவதுபோல, அளவற்ற காலத்தில் எங்கோ ஓரிடத்தில் தற்செயலாக ஒழுங்கு தோன்றும். நாம் காணும் விண்மீன் உலகம் அத்தகைய அரிய ஏற்ற இறக்கம் ஒன்றாக இருக்கலாம். உயிர்கள் அத்தகைய இடத்தில் மட்டுமே வாழமுடியும். ஆகவே நாம் அங்கே இருப்பதில் வியப்பில்லை. 1898இல் நிறைவுற்ற தம் வாயுக் கொள்கை நூலிலும் இதனை அவர் விளக்கினார். புவியின் மையத்தை நோக்கிய திசையைக் கீழ் என்று நாம் கொள்வதுபோல, என்ட்ரோபி குறைந்த பக்கத்தைக் கடந்தகாலம் என்று அவ்வுலக உயிர்கள் கொள்ளும் என்றார்.

இறுதி ஆண்டுகள்

போல்ட்ஸ்மேன் சிறந்த ஆசிரியர். அவருடைய வகுப்புகளின் தெளிவும் ஊக்கமும் மாணவர் நெஞ்சில் நிலைத்தன. பின்னாளில் அணுக்கருப் பிளவை விளக்கிப் புகழ்பெற்ற லீசே மைட்னர் அவரிடம் பயின்றவர். மாக் ஓய்வுபெற்றபின் அவர் நடத்திவந்த மெய்யியல் பாடத்தைப் போல்ட்ஸ்மேனே 1903இல் ஏற்றார். 1905இல் அமெரிக்காவின் பெர்க்லி நகருக்குச் சென்று விரிவுரையாற்றினார். அப்பயணத்தை நகைச்சுவை ததும்பும் கட்டுரையாக எழுதினார்.

நகைச்சுவைக்கு அடியில் நோய் வளர்ந்துவந்தது. கண்பார்வை குன்றியது, மூச்சிரைப்பு வாட்டியது. மனச்சோர்வு மீண்டும் மீண்டும் அவரைச் சூழ்ந்தது. 1906ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள், ஏட்ரியாட்டிக் கடற்கரையில் துயினோ என்னும் ஊரில் குடும்பத்தோடு தங்கியிருந்தபோது, தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 62. கொள்கைப் போரில் தோற்றதனால் அவர் இறந்தார் என்று சிலர் கூறுவர். மனச்சோர்வு ஒரு நோய். அதனை ஒரே காரணத்தில் அடக்கிவிட இயலாது. பிறர் துணையும் மருத்துவமும் அத்தகைய துயரிலிருந்து மீட்கக்கூடும் என்பதை இன்று உலகம் அறியும்.

அவருடைய வெற்றிக்கான சான்று அப்போதே உருவாகியிருந்தது. நீரில் மிதக்கும் நுண்துகள்களின் தள்ளாட்டம் மூலக்கூறுகளின் மோதலால் விளைவது என்று 1905இல் ஐன்ஸ்டீன் கணக்கிட்டிருந்தார். 1908 முதல் பிரான்சில் ழான் பெரன் அதனைச் சோதனைகளால் மெய்ப்பித்தார். ஒரு மோல் பொருளில் எத்தனை மூலக்கூறுகள் உள்ளன என்பதைத் தொடர்பற்ற பல வழிகளில் கணக்கிட்டபோது, எல்லா வழிகளும் ஏறத்தாழ ஒரே எண்ணைத் தந்தன. 1909இல் ஆஸ்ட்வால்டு அணுக்களை ஏற்றுக்கொண்டார். அணுவைக் கண்ணால் கண்டவர் அப்போதும் எவருமில்லை. ஆனால் ஒன்றையொன்று சாராத சாட்சிகள் ஒரே செய்தியைச் சொல்லின.

மூளை என்னும் புதிர்

அணுக்கொள்கை வென்றது. பேரண்டம் பற்றிய ஊகமோ வேறொரு பாதையில் சென்றது. அதிலிருந்த சிக்கலை 1931இல் ஆங்கில வானியல் அறிஞர் ஆர்தர் எடிங்டன் சுட்டிக்காட்டினார்.

நாணயத்தையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். ஓயாமல் சுண்டினால் தொடர்ந்து பத்துத் தலைகள் விழுவதை அவ்வப்போது காணலாம். தொடர்ந்து இருபது தலைகள் விழுவது அதனினும் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு அரிது. முப்பது தலைகள் விழுவது மேலும் ஆயிரம் மடங்கு அரிது. சிறிய ஒழுங்கு எளிதில் வாய்க்கும். பெரிய ஒழுங்கு வாய்ப்பது மிக அரிது. எனில், எண்ணற்ற விண்மீன்கள் கொண்ட பேருலகம் தற்செயலாகத் தோன்றுவதைவிட, ஒரு கதிரவன் குடும்பம் மட்டும் தோன்றுவது மிக எளிது. அதனினும் எளிது ஒரே ஒரு மனிதர் தோன்றுவது. அதனினும் எளிது ஒரு மூளை மட்டும் தோன்றுவது. வாழாத இளமையின் நினைவும், படிக்காத நூலின் அறிவும், காணாத வானத்தின் காட்சியும் கொண்டதாக அம்மூளை வெறுவெளியில் கணப்பொழுது இருந்து மறையும். தன் நினைவுகள் யாவும் மெய்யென்றே அது நம்பும்.

இத்தகைய மூளைக்கு, 2004இல் வெளியான ஆய்வுரை ஒன்றில் ஆண்ட்ரியாஸ் ஆல்பிரெக்ட்டும் லொரென்சோ சோர்போவும் போல்ட்ஸ்மேனின் மூளை என்று பெயரிட்டனர். போல்ட்ஸ்மேன் இப்படியொரு மூளையைப் பற்றி எழுதியவர் அல்லர். அவருடைய ஊகத்தை இறுதிவரை பின்தொடர்ந்தால் இங்கேதான் வந்துசேர நேரும் என்பதாலேயே அப்பெயர் அமைந்தது. பேரண்டத்தின் விரிவு விரைந்துகொண்டே போகிறது என்று 1998இல் தெரியவந்தது. அவ்விரிவு முடிவின்றித் தொடருமானால், மெய்யான உயிர்களைவிட இத்தகைய மூளைகளே எண்ணிக்கையில் விஞ்சிவிடும் என்று சில கணக்குகள் காட்டின. அப்படியானால் நாமும் அத்தகைய மூளைதானோ என்னும் வினா எழுகிறது.

ஐயத்தின் பயன்

இவ்வினாவுக்கு அறிஞர்கள் இருவகையில் விடை கூறுகின்றனர். 1960களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஃபைன்மேன் தம் விரிவுரைகளில் ஒரு வழியைக் காட்டினார். நம் உலகம் தற்செயலான சிறு ஒழுங்காயின், இதுவரை பார்க்காத இடங்களைப் பார்க்கும்போது அங்கே குழப்பமே தென்படவேண்டும். ஆனால் புதிய தொலைநோக்கிகள் காட்டும் இடங்களிலும் அதே விண்மீன்களும் அதே விதிகளுமே காணப்படுகின்றன. எனவே நம் உலகின் ஒழுங்கு தற்செயலானது அன்று. கடந்தகாலம் இதனினும் ஒழுங்குடையதாக இருந்தது என்றே கொள்ளவேண்டும். ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய தொடக்க நிலையின் எச்சமாக, 1965இல் கண்டறியப்பட்ட நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு வானெங்கும் வியத்தகு சீரோடு பரவியிருப்பது இக்கருத்துக்கு இசைவாக உள்ளது.

கடும் ஐயமுடையோர் இதனையும் மறுக்கக்கூடும். தொலைநோக்கியில் பார்த்தோம் என்னும் நினைவே பொய்யாக இருக்கலாமே என்பர். அதற்குரிய விடை இரண்டாவது வழியில் உள்ளது. பேரண்டம் விரிகிறது என்பதும், நிகழ்தகவின் கணக்கு என்பதும் நாம் கற்றறிந்தவை. நினைவின் வழியாகவே நம்மிடம் இருப்பவை. நினைவுகள் யாவும் பொய் என்று ஒரு கொள்கை முடிவுகூறுமாயின், அக்கொள்கையை ஏற்பதற்கு நம்மிடமிருந்த சான்றுகளும் பொய்யாகிவிடும். அது தான் அமர்ந்திருக்கும் கிளையைத் தானே வெட்டுவதை ஒக்கும். அத்தகைய கொள்கையைப் பொய்யென்று கண்ணால் காட்டமுடியாமல் இருக்கலாம். ஆனால் அதனை நம்புவதற்குக் காரணம் எதுவும் எஞ்சாது.

எனவே இன்றைய அண்டவியலார் இம்மூளையை ஓர் எச்சரிக்கை மணியாகவே கொள்கின்றனர். ஒரு புதிய கொள்கை மெய்யான உயிர்களைவிட இத்தகைய மூளைகளையே மிகுதியாகத் தருமானால், தம்மை ஐயுறாமல் அக்கொள்கையை ஐயுறுகின்றனர். குறை எங்கே என்று தேடுகின்றனர். நினைவு சிலவேளை தவறும் என்பது உண்மையே. ஒரு நினைவை மற்றொன்றோடும், ஏட்டோடும், கருவியோடும், பிறர் கூற்றோடும் ஒப்பிட்டே திருத்திக்கொள்கிறோம். தவறும் நினைவைத் திருத்துவதும் நினைவின் துணைகொண்டே நடைபெறுகிறது. காணாத அணுவை மெய்யென நிறுவிய அதே முறை, கடந்துபோன காலத்தையும் மெய்யென நம்பத் துணைசெய்கிறது.

நிலைபேறு

போல்ட்ஸ்மேனின் என்ட்ரோபிச் சமன்பாட்டை இன்றைய வடிவில் எழுதியவர் மாக்ஸ் பிளாங்க். ஒருகாலத்தில் அணுக்கொள்கையை ஐயுற்ற அவர், 1900இல் தம் கதிர்வீச்சுக் கொள்கையை உருவாக்க, எண்ணிக் கணக்கிடும் போல்ட்ஸ்மேனின் முறையையே கையாண்டார். அச்சமன்பாட்டிலுள்ள மாறிலி போல்ட்ஸ்மேன் மாறிலி எனப்படுகிறது. வெப்பநிலையின் அலகாகிய கெல்வின் 2019 முதல் அம்மாறிலியைக் கொண்டே வரையறுக்கப்படுகிறது.

வியன்னா நடுவண் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய நினைவிடம் உள்ளது. 1933இல் அங்கு எழுப்பப்பட்ட நினைவுச் சின்னத்தில் அவருடைய மார்பளவுச் சிலைக்கு மேலே அச்சமன்பாடு பொறிக்கப்பட்டுள்ளது. ஒழுங்கு எதுவும் காலப்போக்கில் சிதையும் என்பதே அதன் பொருள். கல்லும் ஒருநாள் தேயும்; எழுத்தும் மறையும். அதுவரை அவ்வெழுத்தைப் படிப்போர், மெய்யாகவே வாழ்ந்து, ஐயுற்று, கணக்கிட்ட ஒரு மனிதரின் தடத்தையே படிக்கின்றனர்.